ஏனையோர்

சம்பள நாள் இரவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் விளக்கு அணைய நேரமாகும். அன்றைக்கு எல்லாக் காம்பராக்களிலிருந்தும் சம்பளத் துண்டுகள் எங்கள் வாசலுக்கு வந்து சேரும். 1994ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. துண்டில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்த லயத்தில் நான்தான். "தம்பி, இதக் கொஞ்சம் பாரு" என்று ஒவ்வொருவராக நீட்டுவார்கள். நான் இலக்கங்களை வாசிப்பேன். அது சரியா பிழையா என்று அம்மா சொல்வார். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தோட்டத்துச் சம்பளக் கணக்கு முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

அவர் கணக்குச் சொல்லும் விதத்தைப் பிற்காலத்தில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாட்களை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவார். "நோம் எடுத்த நாளு, முழுப் பேரு. நோம் எட்டாத நாளு, அரைப் பேரு. நோமுக்கு மேல எடுத்த கிலோ, அதுக்குத் தனிக்காசு. ஞாயித்துக்கெழம கைக்காசு, அதுக்குப் பேரு கெடயாது, கிலோவுக்கு இவ்வளவுன்னுதான். மழைக்கு மலையில இருந்து எறக்கிவிட்ட நாளு, அது கணக்கப்பிள்ள மனசு." ஐந்து விரலும் மடங்கிவிடும். துண்டைப் பிடித்திருப்பவர் தன் மாதத்து நாட்களை அந்த ஐந்தில் ஒன்றில் வைத்துப் பார்த்துக்கொள்வார். எதிலாவது இடித்தால், மறுநாள் பெரட்டுக்களத்தில் கேட்பதா விடுவதா என்று பேச்சு தொடங்கும்.

மலையகத்துக்கு வெளியே வாழ்கிறவர்களுக்காக இரண்டு சொற்களை விளக்கிவிட வேண்டும். பேர் என்பது ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்ற பதிவேட்டில் விழும் குறி. முழுப் பேர் விழுந்தால் ஒரு நாள் கூலி. அரைப் பேர் என்றால் பாதி. நோம் என்பது அன்று பறித்துத் தீர வேண்டிய கொழுந்தின் நிறை. அது தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். விடிகாலையில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறும் ஒரு பெண்ணின் நாள் முழுவதும், அந்த எண்ணைத் தொட்டாரா இல்லையா என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கும். அதுவும் மடுவத்தில் தராசில் வைத்த பிறகு, கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக.

துண்டு என்ற சொல்லுக்கே எங்கள் ஊரில் வயது அதிகம். அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், அவர் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் அவர் போகலாம். அந்தச் சீட்டின் பெயர் துண்டு. 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். சொல் மட்டும் சம்பளக் கடதாசியில் ஒட்டிக்கொண்டு என் கைக்கு வந்தது.

எங்கள் ஊரான புசல்லாவை, கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், றம்பொடைக்கு முன்னால் இருக்கிறது. கடைத்தெருவைத் தாண்டினால் இரு பக்கமும் மலை. கீழே கொத்மலைத் தண்ணீர். இலங்கையில் கோப்பி பயிரிட்ட ஆரம்ப காலத்து ஊர்களில் இதுவும் ஒன்று. 1840களில் வோர்ம்ஸ் சகோதரர்கள் இங்கே காடு வெட்டிப் போட்ட தோட்டத்துக்குத் தங்கள் உறவான ரொத்சைல்ட் குடும்பத்தின் பெயரை வைத்தார்கள். உலகமறிந்த அந்த வங்கிக் குடும்பத்தின் பெயரை இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி இறங்கும் இடமாகத்தான் அறிவார்கள்.

நான் படித்தது, கண்டியில் வகுப்புக்குப் போய்க் கணினி கற்றது, கொழும்பில் வேலை தேடியது எல்லாம் இங்கே தேவையில்லை. 2014இல் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்யும் வேலை. செக்ரோல், நோம், பேர் என்ற சொற்களெல்லாம் தெரிந்த ஒருவன் கிடைத்துவிட்டான் என்று எனக்கே அந்தப் பகுதியைக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் விரல்களில் இருந்த கணக்கை நான் ஜாவா என்ற நிரல் மொழியில் எழுதப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

2016 ஒக்டோபரில் புதிய கூட்டு ஒப்பந்தம் வந்தது. நாளொன்றுக்கு 730 ரூபாய் என்று செய்தித்தாளில் போட்டார்கள். ஆனால் அந்த 730 ஒரே தொகையாக வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் 500. வரவுக் கொடுப்பனவு 60. அது மாதத்தில் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதத்துக்காவது வந்திருந்தால்தான். விலைப் பங்கு 30. உற்பத்தி ஊக்கத்தொகை 140. அது நோம் எடுத்தால்தான். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிபந்தனை, நிபந்தனைக்குள் இன்னொன்று. நான் அதை அப்படியே எழுதினேன்: வந்தாரா? வந்தார் என்றால் கொழுந்தா வேறு வேலையா? கொழுந்து என்றால் நோம் எடுத்தாரா? எடுத்தார் என்றால் வரவு 75 வீதமா? இப்படியே கேள்விக்குள் கேள்வியாக ஐந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் வரி கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போகும். கடைசியில் திரையின் நடுவில்தான் எழுத்தே தொடங்கும்.

எல்லாக் கேள்விகளும் முடிந்த பிறகு, எதிலும் பொருந்தாதவர்களுக்காகக் கடைசியில் ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் குறிப்பாக 'ஏனையோர்' என்று தமிழில் எழுதினேன். அவர்களுக்கு வரவுக் கொடுப்பனவு 0. அந்த வரியை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்படி ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

2017 செப்டெம்பரில் அம்மா தொலைபேசியில் அழைத்தார். வழக்கமான விசாரிப்புகளுக்குப் பிறகு, "சின்னம்மாவுக்குத் துண்டுல வெட்டு விழுந்திருக்கு தம்பி" என்றார். சின்னம்மா ஓகஸ்ட் நடுவில் மலையில் வழுக்கி விழுந்து கணுக்காலில் அடிபட்டிருந்தார். தோட்டத்தில் அவரைக் கொழுந்திலிருந்து எடுத்து, பிள்ளைக் காம்பராவில் உதவிக்குப் போட்டிருந்தார்கள். 22 நாள் வேலை. ஒரு நாளும் தவறவில்லை. அடிபட்ட காலோடும் போயிருக்கிறார். ஆனால் வரவுக் கொடுப்பனவு ஒரு சதமும் இல்லை. 22 நாளுக்கு, நாளுக்கு 60 ரூபாய் வீதம், 1320 ரூபாய்.

எங்கள் தோட்டம் நாங்கள் செய்த மென்பொருளைத்தான் பாவித்தது. அன்றிரவு அந்த மாதத்துத் தரவை எடுத்துப் பார்த்தேன். என் கேள்விகளில் மாதம் முழுதும் கொழுந்து பறித்தவர் இருந்தார். மாதம் முழுதும் வேறு வேலை செய்தவர் இருந்தார். பாதி மாதம் அதுவும் பாதி மாதம் இதுவுமாக வேலை செய்தவர் இல்லை. சின்னம்மா ஒவ்வொரு கேள்வியாகத் தாண்டி, கடைசி வரிக்கு வந்து, ஏனையோரில் விழுந்திருந்தார். அவரோடு இன்னும் சில பெண்கள். பிழை என்று கணினி எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கும் எதுவுமில்லை. நான் சொன்னதைத்தான் அது செய்திருந்தது.

அடுத்த மாதம் நிலுவையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சின்னம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது அவருக்கு ஏன் கேட்கிறேன் என்றே புரியவில்லை. "ஆபிஸ்ல பண்ணினதுக்கு நீ என்னடா பண்ணுவ" என்றார். அந்த ஆபிஸ் நான்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

2019 ஜனவரியில் ஒப்பந்தம் மாறியது. அடிப்படை 700, விலைப் பங்கு 50. மற்ற இரண்டு கொடுப்பனவுகளும் போயின. ஐந்து அடுக்கில் இரண்டு அடுக்கைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. எதைப் பிடுங்கினால் எது சரியும் என்று தெரியாமல் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில்தான் இந்த எழுத்து முறையே தவறு என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டது.

2020 மார்ச்சில் ஜாவாவின் 14ஆம் பதிப்பு வந்தது. நாடு ஊரடங்கில் மூடிக் கிடந்த நாட்கள். நான் புசல்லாவைக்கு வந்து அம்மா வீட்டில் இருந்தேன். அந்தப் பதிப்பில் ஸ்விட்ச் என்ற பழைய கட்டளைக்கு ஒரு புதிய உருவம் கொடுத்திருந்தார்கள். பழைய ஸ்விட்ச் ஒரு வாய்க்கால் மாதிரி: ஒவ்வொரு கிளையின் முடிவிலும் மறக்காமல் அணை போட வேண்டும்; மறந்தால் தண்ணீர் அடுத்த கிளைக்குள்ளும் பாயும். புதியதில் அந்தத் தொல்லை இல்லை. அது ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் கோவை. இன்ன வகை என்றால் இன்ன தொகை என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரி. மதிப்புத் தர வேண்டும் என்பதாலேயே, எந்த வகையையும் வெறுமையாக விட முடியாது. ஒரு வகையை விட்டுவிட்டால், எல்லா நிலைகளும் உள்ளடங்கவில்லை என்று, நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றித் தரும் கம்பைலர் நின்றுவிடும். அந்த நிரல் ஓடவே ஓடாது.

முதல் தடவை அந்தச் சிவப்புக் கோடு திரையில் விழுந்தபோது நான் கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னம்மாவுக்கு வெட்டு விழுவதற்கு முன்னால் இப்படி ஒரு கோடு விழுந்திருந்தால் என்று நினைத்தேன். என் தொழிலில் நான் கண்ட அக்கறையான ஒரு காரியம் அது. ஒரு மனிதருக்கு வரியில்லை என்று, அவர் வந்து நிற்பதற்கு முன்பே அந்த இயந்திரம் சொல்கிறது.

அடுத்த சில ஆண்டுகளில் அது இன்னும் வளர்ந்தது. 2021 செப்டெம்பரில் வந்த 17ஆம் பதிப்பில் ஓர் இனத்தைப் பூட்டி வைக்க முடிந்தது. அதாவது, இந்த இனத்துக்கு இவ்வளவுதான் பிள்ளைகள் என்று பெயர் சொல்லி எழுதிவிடலாம். 2023 செப்டெம்பரில் வந்த 21ஆம் பதிப்பில் அந்தப் பிள்ளைகளின் வடிவத்தையே ஸ்விட்ச்சின் கிளையாக எழுதலாம் என்றானது. வடிவத்தை எழுதும்போதே அதற்குள் இருப்பவற்றுக்கும் பெயர் வைத்து வெளியே எடுக்கலாம்: கொழுந்து நாள் என்றால் அதற்குள் இருக்கும் கிலோவை, மலை நம்பரை. மடுவத்தில் கூடையை இறக்கியதும் கொழுந்தைக் கொட்டிப் பார்ப்பது போல. வேண்டுமானால் கிளையோடு ஒரு காவலையும் நிறுத்தலாம்: கிலோ நோமுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் இந்த வழி.

ஐந்து அடுக்காக இருந்த என் பழைய நிரல், அப்போது இப்படி ஆயிற்று. தமிழில் எழுதுகிறேன், உண்மையான நிரலும் இதைவிட அதிக நீளமில்லை.

கொழுந்து நாள், கிலோ நோமுக்குக் குறையாமல் → முழுப் பேர், மேல்கிலோவுக்குத் தனிக்காசு
கொழுந்து நாள் → அரைப் பேர்
கைக்காசு நாள் → கிலோவை விலையால் பெருக்கு
வேறு வேலை நாள் → முழுப் பேர்
வராத நாள் → பேர் இல்லை

இதில் முதல் இரண்டு வரிகளின் ஒழுங்கு முக்கியம். காவல் உள்ளதை மேலேயும் காவல் இல்லாததைக் கீழேயும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால், எல்லாக் கொழுந்து நாளையும் மேல்வரியே வாங்கிக்கொள்ளும். கீழ்வரிக்கு ஒருநாளும் முறை வராது. நல்லவேளையாக இதையும் கம்பைலர் பிடித்துவிடுகிறது. இன்னொன்று: இரண்டு வரிக்கும் காவல் போட்டு, ஒன்றில் 'நோமுக்குக் குறையாமல்' என்றும் மற்றதில் 'நோமுக்குக் குறைவாக' என்றும் எழுதினால் அது ஏற்காது. இரண்டும் சேர்ந்தால் முழுமை என்பது நமக்குத் தெரியும். காவலுக்குள் என்ன கணக்கு நடக்கிறது என்று கம்பைலர் ஆராய்வதில்லை. காவல் உள்ள கிளை சில வேளை மூடியிருக்கும் என்றே அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் காவல் இல்லாத ஒரு திறந்த வரி வேண்டும். முதலில் இது எனக்குத் தொல்லையாகத் தெரிந்தது. பழகப் பழக, இதைவிடக் கண்ணியமான விதி இல்லை என்று தோன்றிற்று.

'வராத நாள்' என்பதை நான் தனி வடிவமாக வைத்ததற்கும் காரணம் உண்டு. முன்பு வராத நாளுக்குத் தரவே இருக்காது, வெற்றிடம். வெற்றிடத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் நிரல் இடையிலேயே விழும். வராமல் இருப்பதும் ஒரு நாள்தான். காய்ச்சலோ சாவு வீடோ, அதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்று வைத்தேன்.

அந்த ஐந்து வரிகளை முதலில் எழுதி முடித்த அன்று, 1994இல் அம்மா மடக்கிய விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. அவர் வடிவங்களைத்தான் சொல்லியிருந்தார். நான் அவற்றைக் கேள்விகளாக உடைத்து, கேள்விகளை அடுக்கி, அடுக்குக்குள் ஆட்களைத் தொலைத்திருந்தேன்.

இந்த முறை ஜாவாக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியின் முதல் நிபந்தனைக் கட்டளையே ஓர் எண்ணை எடுத்து, சுழியத்துக்குக் கீழா, சுழியமா, மேலா என்று மூன்று வழிகளையும் கேட்டுத்தான் நகர்ந்தது; எந்த எண்ணும் தப்ப முடியாது. நிபந்தனை ஒரு மதிப்பைத் தர வேண்டும் என்ற எண்ணம் ஜோன் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட லிஸ்ப் கட்டுரையில் இருக்கிறது. வடிவத்தை வைத்துக் கிளை பிரிப்பது ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில், ரொபின் மில்னரும் ரொட் பர்ஸ்டலும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வேலை செய்த எம்எல், ஹோப் என்ற மொழிகளில் 1970களிலும் 1980ஐ ஒட்டியும் உருவாகி வளர்ந்தது. அங்கிருந்து சம்பளக் கணக்கு எழுதும் என்னைப் போன்ற ஒருவனின் கைக்கு வர நாற்பது ஆண்டுகள். ஸ்கொட்லாந்திலிருந்து எங்கள் மலைக்குத் தேயிலை போட வந்தவர்கள் இதைவிட வேகமாக வந்துவிட்டார்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்பையெல்லாம் ஒரே வரியில் அணைத்துவிட முடியும். கடைசியில் 'ஏனையவை' என்று ஒரு கிளை. ஜாவாவில் அதற்கு டிஃபோல்ட் என்று பெயர். ரஸ்ட், ஸ்காலா, பைதன், சீ ஷார்ப் போன்றவற்றில் வெறும் ஓர் அடிக்கோடு. அதை எழுதிவிட்டால் கம்பைலர் பிறகு எதையும் கேட்காது. நாளைக்கு ஆறாவது வடிவம் ஒன்று பிறந்தாலும் அது சத்தமில்லாமல் அந்தக் கிளைக்குள் போய்விடும். என்னோடு வேலை செய்த மூத்தவர் ஒருவர், நல்ல மனிதர், "எதற்கும் ஒரு டிஃபோல்ட் போட்டு வையுங்கள், நிரல் நின்றுவிடாமல் இருக்கும்" என்றார். எனக்கு மறுத்துப் பேச வராது. அன்றைக்கு மட்டும் மறுத்தேன். சின்னம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் வேறொன்றும் சொல்லாமல் என் நிரலை ஏற்றுக்கொண்டார். அவரிடம் சொல்லாத இன்னொரு கதையும் இருந்தது.

என் தாத்தா புசல்லாவையில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் இந்த மலையில்தான் இறந்தார். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தில் தாத்தா அடங்கவில்லை. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டார், தள்ளிவிட்டார்கள். பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 300,000 பேருக்கு இலங்கை உரிமை கொடுக்கும். இரண்டையும் கூட்டினால் 825,000. மிச்சம் 150,000 பேர். அவர்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல், ஆளுக்குப் பாதியாக 75,000, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.

இந்த எண்களைப் பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடமாக மனப்பாடம் செய்திருக்கிறேன். நிரல் எழுதத் தொடங்கிய பிறகுதான் அந்த 150,000 எனக்கு என்னவென்று புரிந்தது. இரண்டு கிளைகளை எழுதிவிட்டு மூன்றாவதற்கு எந்த மதிப்பும் தராமல் விட்ட ஒரு கோவை அது. ஓட விட்டுவிட்டார்கள். நிறுத்தச் சொல்லிச் சிவப்புக் கோடு எதுவும் விழவில்லை.

தாத்தாவுக்குத் தான் எந்தத் தொகையில் சேர்ந்தவர் என்று ஒருநாளும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை, அது ஆட்களின் பட்டியலாக இருக்கவில்லை, எண்ணாக மட்டுமே இருந்தது. அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்கு என்று ஆகி, 1970களில் தலைமன்னாரில் கப்பல் ஏறிற்று. கூடலூர்ப் பக்கம், அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான், குடியேறினார்கள். கம்பளை ஸ்டேஷனில் வழியனுப்பப் போன தாத்தா மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார். தாத்தா அதற்குப் பிறகும் இங்கே கவ்வாத்து வெட்டினார். கங்காணியிடம் பேர் வாங்கினார். செக்ரோலில் அவருக்கு ஒரு வரி இருந்தது. நாட்டின் பேரேட்டில்தான் இல்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. அதன் பிறகு அடையாள அட்டை. அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். அட்டையைச் சட்டைப் பையில் வைக்காமல், சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். அதன் எண்ணின் முடிவில் வீ என்ற எழுத்து இருந்தது. அது வாக்குரிமையைக் குறிக்கும் எழுத்து என்று நான் சொன்னதும், அட்டையை மறுபடி வாங்கி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

அந்த அடையாள அட்டை எண்ணையும் நான் பிறகு நிரலில் எழுத வேண்டி வந்தது. வடிவப் பொருத்தத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே வைத்து எண்ண வேண்டும். அது தெரியாமல் எழுதினால் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த பலருக்கு ஒரு நாள் பிசகும். 2016இலிருந்து வரும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம், ஆண்டு முழுதாக நான்கு இலக்கத்தில், எழுத்து இல்லை. ஆகவே ஒன்பது இலக்கமும் எழுத்தும் ஒரு வடிவம், பன்னிரண்டு இலக்கம் ஒரு வடிவம். எங்கள் நிறுவனத்தின் பழைய நிரலில் இந்த இரண்டுக்கும் வெளியே இருப்பவை எல்லாம் 'செல்லாத எண்'. செல்லாத எண் உள்ளவரைச் சம்பளப் பட்டியலில் பதிய முடியாது.

நான் மூன்றாவது வடிவத்தைச் சேர்த்தேன்: அட்டை இல்லாதவர். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அட்டை எடுக்க முடியாமல் இருப்பவர்களை எங்கள் லயத்திலேயே நான் அறிவேன். அவர்கள் செல்லாத எண் அல்ல. அவர்களுடைய சம்பளம் எந்த வழியில் போக வேண்டும், எந்தப் படிவம் நிரப்ப வேண்டும் என்று அந்தக் கிளையில் எழுதினேன். பிழையாகத் தட்டச்சு செய்த எண் நான்காவது வடிவம். இரண்டையும் ஒன்றாக வைத்திருந்த வரியை அழித்தபோது கை சற்று நடுங்கியது.

சோதித்துப் பார்க்க அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். 57501 என்று தொடங்கும் எண். 501இலிருந்து 500ஐக் கழித்தால் 1. 1957 ஜனவரி 1 என்று திரையில் வந்தது. நிரல் சரி. ஆனால் அம்மா பிறந்தது ஆடி மாதத்து அடைமழையில். ஆற்றில் தண்ணீர் ஏறி, மருத்துவச்சி வர முடியாமல், பக்கத்துக் காம்பராப் பெண்கள் பார்த்த பிரசவம் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதிய வேண்டிய நாளில் யாரும் பதியவில்லை. பிறகு யாரோ ஒருவர், தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் போடுவது போல, ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார். எங்கள் லயத்தில் ஜனவரி 1இல் பிறந்தவர்கள் நிறையப் பேர்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாய். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலில் கைவைக்கிறேன். முன்பு மூன்று வாரம் பிடித்த வேலை இப்போது இரண்டு நாளில் முடிகிறது. எங்கே மாற்ற வேண்டும் என்று கம்பைலரே இடம் காட்டுகிறது.

சென்ற முறை மாற்றியபோது புசல்லாவையில் இருந்தேன். மழை. லயத்துத் தகரத்தில் சத்தம் அதிகமாக இருந்ததால், அம்மா கதவடியில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். வேலையை விட்டு ஓய்வு எடுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன; மடிக்கணினியில் என்ன செய்கிறேன் என்று எப்போதும் கேட்பார். திரையில் இருந்த ஐந்து வரிகளையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தார். கொழுந்து நாள் இரண்டு, கைக்காசு, வேறு வேலை, வராத நாள்.

"மழைக்கு எறக்கிவிட்ட நாளு எங்க?" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். அவரும் திரையைப் பார்த்தார். மலைக்குப் போய், பாதிக் கூடை பறித்து, இடி இறங்கி, கங்காணி இறங்கச் சொல்லி, நனைந்து மடுவத்துக்கு வந்த நாள். கிலோ நோமுக்குக் கீழே. ஆகவே என் இரண்டாவது வரி அதை அரைப் பேர் என்று எடுத்துக்கொள்ளும். சிவப்புக் கோடு எதுவும் விழவில்லை. அப்படி ஒரு நாள் இருக்கிறது என்று நான் கம்பைலருக்குச் சொல்லவே இல்லை.

"அதுக்கு எவ்வளவும்மா போடணும்?"

"நாங்களா எறங்கினோம்? அவங்கதான எறக்கினாங்க. முழுப் பேருதான் போடணும்."

அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எனக்கில்லை. தோட்டத்தோடு பேசித்தான் தொகையை எழுத முடியும். ஆனால் அந்த நாளுக்கு ஒரு வடிவம் கொடுக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. நாட்களின் இனம் எழுதியிருந்த கோப்பைத் திறந்து, வராத நாளுக்கு மேலே, மழைக்கு இறக்கிவிட்ட நாள் என்று ஒரு வரி சேர்த்தேன். சேமித்ததும் ஏழு இடத்தில் சிவப்பு விழுந்தது. அம்மா தேத்தண்ணி போட எழுந்து போனார். நான் முதலாவதிலிருந்து தொடங்கினேன்.